அஞ்சலையின் பந்தி

ஓய்வு பெற்றவர்களை மேடைக்குக் கூப்பிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. பத்து நிமிஷம் என்று மைக்கைக் கொடுத்தால், கீழே இருப்பவர்களின் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் பேசுவார்கள். நானும் அந்த ரகம்தான். போன மாதம் வில்லியனூரில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வயதுவந்தோர் பராமரிப்பு இல்லங்களில் புதிதாக மேலாளர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கான வகுப்பு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உணவுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுங்கள் மேடம் என்றார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவள் வேலை பார்க்கும் இல்லத்தில் இப்போது சமையலே கிடையாதாம். ஒரு கம்பெனியிலிருந்து ஆளுக்கு ஒரு மூடிய தட்டு வேனில் வந்து இறங்குமாம். "எங்ககிட்ட ஒருத்தர் சாப்பிடவே மாட்டேங்கிறார் மேடம். மெனு மாத்திப் பாத்துட்டோம், டாக்டரைக் கேட்டுட்டோம். அடுத்து என்ன ப்ரொசீஜர்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து இல்லை. அதே கேள்வியோடு நான் ஒரு மார்கழி முழுக்க அலைந்தது ஞாபகம் வந்தது. அன்று அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வில்லியனூர் ரயிலடிப் பக்கம் பிறந்தவள். நர்சிங் உதவியாளர் படிப்பு, தனியார் ஆஸ்பத்திரி வார்டில் பல வருஷம், பிறகு மறுவாழ்வுப் பணிக்கு ஒரு சான்றிதழ் படிப்பு. படிப்பில் கற்றது கொஞ்சம், வார்டில் வாங்கிய திட்டில் கற்றது நிறைய. அதன் பிறகுதான் பாகூர் ஏரியைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கும் அந்த இல்லத்துக்கு மேலாளராகப் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

கேட்பவர்கள் எல்லாரும், "முதியோர் இல்லமா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதியோர் இல்லம் இல்லை ஐயா. பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்கள், மனநோய் தெளிந்தும் வீட்டில் இடம் கிடைக்காதவர்கள், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்கும் வீடு. அரசு உரிமம் பெற்றது. அந்த உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் வாசலில் தொங்கும். அதில் மேலாளர் என்று என் பெயர் இருக்கும். தினமும் காலையில் அதன் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். கொஞ்சம் கர்வம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

அந்த இல்லத்தை ஆரம்பித்தவரை ஊரே சொல்தா ஐயா என்று கூப்பிடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கேயிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரிப் பக்கம் சொல்தா என்பார்கள். எண்பதைத் தொட்ட வயதிலும் சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு, காலையில் மொபெட்டில் வந்து இறங்குவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். இல்லத்துக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குரல் உயர்த்த மாட்டார். தப்பு நடந்த இடத்தில் போய் நிற்பார், அவ்வளவுதான். குளியலறைத் தரை ஈரமாக இருந்தால் ஈரத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னைப் பார்ப்பார். நான் துடைப்பத்தோடு ஓடுவேன். மனசு நிறைந்தால் மட்டும், "த்ரே பியான்" என்பார். ரொம்ப நல்லது என்று அர்த்தமாம். அதைக் கேட்க நாங்கள் தவம் கிடக்க வேண்டும்.

நான் முதன்முதலில் அதைக் கேட்டது அந்தோணி புண்ணியத்தில். அந்தோணிக்கு நாற்பது வயது இருக்கும். அறிவு வளர்ச்சி குறைவு என்று சர்டிபிகேட் சொல்லும். சாப்பாட்டு மணி அடிப்பது அவன் பொறுப்பு. அந்த மணியை வேறு யாராவது தொட்டால் அன்றைக்கு வீடு ரெண்டாகும். உரிமம் புதுப்பிக்க ஒரு தடவை அதிகாரி ஒருவர் வந்தார். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு அந்தோணியிடம், "இங்கே எல்லாம் நல்லா இருக்காப்பா?" என்று கேட்டார்.

"உப்புமா நல்லாவே இல்ல சார். பூரி போடச் சொல்லு" என்றான் அந்தோணி.

அதிகாரி என்னைப் பார்த்தார், சொல்தா ஐயாவைப் பார்த்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். "மேலாளரை வச்சிக்கிட்டே புகார் சொல்றான்னா, இங்க யாரும் யாருக்கும் பயப்படல. வேற என்ன பாக்கணும்?" என்று கையெழுத்துப் போட்டார். ஜீப் போன பிறகு சொல்தா ஐயா, "த்ரே பியான்" என்றார். எனக்கில்லை, அந்தோணிக்கு. வெள்ளிக்கிழமை பூரி அன்றிலிருந்து வந்ததுதான்.

இனி சாப்பாட்டு விஷயம். அதில் ஐயா போட்டிருந்த ஒழுங்கு கல்லில் வெட்டியது. சமையல் இறங்கியதும் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி எடுத்துச் சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு, தேதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சோதனைக்கு அனுப்ப அது வேண்டும். பிறகு அடுப்பங்கரையிலேயே நான் ருசி பார்ப்பேன். அப்புறம் அந்தோணி மணி அடிப்பான். தங்கியிருப்பவர்கள் எல்லாரும் கூடத்தில் பெஞ்சுகளில் உட்காருவார்கள். பரிமாறுவோம். கடைசி ஆள் கை கழுவி எழுந்திருக்கும்வரை ஊழியர் ஒருவரும் வாயில் ஒரு பருக்கை போடக் கூடாது. அதற்கப்புறம் நாங்கள் ஸ்டோர் ரூமுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவோம்.

காரணம் இல்லாமல் அவர் இதை வைக்கவில்லை. எங்கோ ஓர் இடத்தில் மீனில் நடுத்துண்டெல்லாம் ஊழியர் தட்டுக்கும், தலையும் வாலும் தங்கியிருப்பவர் தட்டுக்கும் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். "பட்டாளத்திலே சிப்பாய் வயிறு நிறையாம அதிகாரி கரண்டியைத் தொட மாட்டான்" என்பார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று ஊரில் ஒரு பழமொழி உண்டே, அதைத் திருப்பிப் போட்டு வாழ்ந்த மனுஷன். எனக்கும் அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. அதை மீறி அடுப்பங்கரையில் ஒரு வடையை வாயில் போட்ட குற்றத்துக்கு, எங்கள் பராமரிப்பாளர் ரெஜினா என்னிடம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஊரிலேயே என் மாதிரிக் கறாரான மேலாளர் கிடையாது என்று அவளே மாதா கோவிலில் சொல்லி ஜெபித்திருக்கிறாளாம்.

அப்படிப்பட்ட இல்லத்துக்குத்தான் ஒரு மார்கழியில் அஞ்சலை வந்தாள்.

ஐம்பத்தைந்து வயது சொன்னார்கள். பாகூர் கொம்யூனிலேயே, அதாவது எங்கள் பஞ்சாயத்து எல்லைக்குள்ளேயே, ஒரு கிராமம். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. கண்ணில் மட்டும் எல்லாம் புரிகிறது என்று தெரிந்தது. மகள் சுமதி ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள், ரெண்டு சின்னப் பிள்ளைகள், புருஷன் இல்லை. "அம்மா கழனி வேலைதாம்மா செஞ்சுது. நடந்துட்டா வூட்டுக்கு இட்டுகினு போயிருவேன்" என்றாள். கழனி வேலை என்றதும் நாங்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

நல்ல உடம்பு அஞ்சலைக்கு. முதல் வாரமே கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உடற்பயிற்சி சொல்லித்தர வருகிறவர், இந்த அம்மா மூன்று மாதத்தில் நடப்பார் என்று சொன்னார். எல்லாம் சரி, சோறு மட்டும் இறங்கவில்லை.

தட்டை வைத்தால் அதைப் பார்க்கவே மாட்டாள். கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு இடது கையால் தட்டை ரெஜினா பக்கம் தள்ளுவாள். ரெஜினா திரும்ப வைத்தால் அவள் புடவையைப் பிடித்துக் கீழே இழுப்பாள். "இன்னைக்கும் இழுத்துட்டா மேடம்! சோறு நல்லால்லன்னு என்னைப் போட்டு அடிக்க வர்றா. நானா ஆக்கினேன்?" என்று ரெஜினா ஒப்பாரி வைப்பாள். வற்றல் குழம்பு வைத்தோம், நெத்திலிக் கருவாடு வைத்தோம், சோற்றைக் குழைத்தோம், கேழ்வரகுக் கூழ் கரைத்தோம். தட்டு தள்ளப்பட்டது. விழுங்குவதில் கோளாறோ என்று சோதித்தார்கள், ஒன்றுமில்லை. வேடிக்கை என்னவென்றால் நாலு மணிக்கு வேப்பமரத்தடியில் டீ கொடுப்போமே, அதை மட்டும் பன்னோடு சேர்த்து ஒரு சொட்டு விடாமல் குடிப்பாள். டீப் பைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். அந்த டீயும், ரெஜினா கெஞ்சி ஊட்டும் ரெண்டு ஸ்பூன் கஞ்சியும்தான் அவளை நிறுத்தி வைத்திருந்தன.

சுமதி ஞாயிற்றுக்கிழமை வந்து, "வூட்ல நல்லாத்தாம்மா துன்னுச்சு. ஆஸ்பத்திரில கூட எங்கூட உக்காந்து துன்னுச்சே" என்று அழுதாள்.

தை பிறந்தது. அஞ்சலையின் முகத்தில் எலும்பு தெரிந்தது. எழுந்து நின்றவளுக்கு நிற்க முடியாமல் போனது. திங்கட்கிழமைதோறும் வரும் டாக்டர் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல விட முடியாது. அடுத்த திங்கக்கிழமை நான் வரும்போது இதே நிலைன்னா மூக்கு வழியா டியூப் போட்டுடணும்" என்றார். டியூப் போட்டவரை வைத்துக்கொள்ள எங்கள் உரிமத்தில் இடமில்லை. நர்ஸ் எந்நேரமும் இருக்கிற இடத்துக்கு, டவுனுக்கு, அனுப்பியாக வேண்டும். அங்கே படுத்தால் படுத்ததுதான், கம்பியைப் பிடித்து நிற்க வைக்க யாருக்கு நேரம்? சுமதியால் ஷிப்ட்டை விட்டுவிட்டு டவுனுக்கு ஓட முடியுமா? நடந்து வீட்டுக்குப் போக வந்தவளைக் கட்டிலோடு அனுப்பப் போகிறோம் என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் கிராமத்துக்குப் போனேன். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அவளுக்கு உயிரான குழம்பு எது என்றாவது தெரியும், அதை வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் என் திட்டம். தெருவில் எல்லா வீடும் பூட்டியிருந்தது. நடவு நடக்கிறது, எல்லாரும் கழனியில் என்றார் ஒரு பெரியவர். வாய்க்கால் ஓரமாகப் போனேன். பாதி நட்டிருந்த கழனிக்குப் பக்கத்தில், வரப்பு மேல் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலில் சேறு இன்னும் காயவில்லை. அஞ்சலையைப் பராமரிக்கும் இல்லத்திலிருந்து வருகிறேன் என்றேன்.

"ஐயோ, அஞ்சலை அக்காவா! எப்பிடிக்கீது?" என்று ஒருத்தி எழுந்தே விட்டாள். பச்சையம்மா என்று பெயர்.

"சாப்பிடவே மாட்டேங்கிறாங்கம்மா. என்ன குழம்புன்னா இஷ்டம்னு கேட்டுப்போக வந்தேன்."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கொழம்பா? அந்தக்கா இன்னா கொழம்புன்னு பாத்து துன்ன ஆளா?" என்றாள் பச்சையம்மா. "எங்க நடவு செட்டுக்கு ஆள் சேக்கறது, கழனி பேசறது எல்லாம் அதுதாம்மா. நாங்க அத்தினி பேரும் துன்னு முடிக்காம அது தூக்குச்சட்டிய தொறக்கவே தொறக்காது. வரப்பு மேல நின்னுகினு ஒவ்வொருத்தி வாயா பாக்கும். 'ஏண்டி நீ துன்னியா, நீ துன்னியா'ன்னு கேட்டுகினே வரும். எவளாவது வேணாம்னா, கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சு, அது சோத்த அவ முன்னால தள்ளும்."

"ஏன் அப்படி?"

"ஒரு தபா புதுசா வந்த பொண்ணு ஒண்ணு, சோறு கொண்டாரலன்னு சொல்ல வெக்கப்பட்டுகினு, துன்னுட்டேன்னு பொய் சொல்லிட்டுது. வெயில்ல நட்டுகினே இருந்து மயங்கிச் சேத்துல வுழுந்துட்டுது. மூச்சே இல்ல, பொழச்சதே பெரிசு. அன்னிலேர்ந்து அக்கா அப்பிடித்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டைத் தள்ளுகிறாள். புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறாள். கூடத்தைச் சுற்றிப் பார்க்கிறாள். டீயை மட்டும் குடிக்கிறாள், ஏனென்றால் டீ நேரத்தில் மட்டும்தான் ஊழியரும் தங்கியிருப்பவரும் சேர்ந்து நின்று குடிப்போம். டீக்கு ஐயா ஒழுங்கு எதுவும் போட்டிருக்கவில்லை. அட ஆண்டவனே! அவள் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும் என்று நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அவள் உட்கார்ந்துகொண்டிருந்தாள். ஒரு மாதமாக இப்படி நடந்திருக்கிறது. வீட்டில் இது சுமதியின் கண்ணில் படாததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? எந்த வீட்டில் அம்மா முதலில் சாப்பிட்டிருக்கிறாள்?

"நீ துன்னியாம்மா?" என்றாள் பச்சையம்மா. இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னதுதான் தாமதம், கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். யாரோ சோறு போட்டார்கள், யாரோ கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள். அழுகையும் சிரிப்புமாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலையில் சொல்தா ஐயாவிடம் போனேன். "ஐயா, நாளைக்கு மத்தியானம் ஊழியர் எல்லாரும் கூடத்திலேயே உக்காந்து மொதல்ல சாப்பிடப் போறோம்."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். "யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"வசந்தா. அந்த ஒழுங்கு போனா எல்லாம் போச்சு."

"ஐயா, அவங்களும் அதே ஒழுங்குதான் ஐயா. ஆளுங்க வயிறு நிறையாம கரண்டியைத் தொடமாட்டேன்னு உக்காந்திருக்காங்க. உங்க பட்டாளம் துப்பாக்கி புடிச்சுது, அவங்க பட்டாளம் நாத்து புடிச்சுது. அவ்வளவுதான் வித்தியாசம்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். வேறு யாராவது இருந்தால் கிழவர் மனசு இளகிவிட்டது என்று எழுதுவார்கள். இவர் இளகவில்லை. "ஒரு வேளை. ஒரே ஒரு வேளை. நான் வந்து நின்னு பாப்பேன்" என்றார். எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை மதியம் அந்தோணி மணி அடித்தான். எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். பரிமாறினோம். சாம்பார், கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம். விசேஷமாக எதுவும் செய்ய வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பிறகு நாங்களும் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்தோம்.

"ஏய்! ரெஜினாக்கா சோறு துன்னுது!" என்று அந்தோணி கத்தினான். யானை தெருவில் வந்தால் கூட அவன் அப்படிக் கத்தியிருக்க மாட்டான். ஒரே சிரிப்பு. ரெஜினா வெட்கத்தில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாள். ஒரு மாதமாக இழுபட்டவள், கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டாள் என்று நினைக்கிறேன்.

அஞ்சலை நிமிர்ந்தாள். நாங்கள் அவள் தட்டைப் பார்க்கவில்லை, அவள் எங்கள் வாயைப் பார்த்தாள். இடது கையின் ஆள்காட்டி விரல் எழுந்தது. ரெஜினா. சமையல்கார அம்மா. நான். விரல் ஒவ்வொருவரிடமும் நின்று, நாங்கள் விழுங்குகிற வரைக்கும் காத்திருந்து, அடுத்தவரிடம் போனது. விழுங்காமல் இருந்தால் காரியம் கெட்டுவிடுமே என்று நான் தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினேன். விரல் ஜன்னல் வழியாகக் கேட்டுக்குப் போனது. வாட்ச்மேன்! அவரை மறந்தே போயிருந்தோம். ரெஜினா ஓடிப்போய் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று விழித்த மனுஷனைத் தட்டு முன்னால் உட்கார வைத்து, "பேசாம துன்னுய்யா" என்றாள். அவர் சாப்பிட்டார்.

இப்போது எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. விரல் மறுபடியும் எழுந்தது. வாசற்படியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்தா ஐயா நின்றுகொண்டிருந்தார்.

"நான் வீட்டிலே சாப்பிட்டுக்குவேன்" என்றார் அவர்.

அஞ்சலை தலையை ஆட்டினாள். தன் தட்டை, அந்த ஒரு கையால், அவர் இருந்த பக்கம் தள்ளினாள்.

இருபது பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அந்தோணி எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து அவர் பின்னால் போட்டான். அந்த வீட்டில் அவருக்கு அதுவரை யாரும் நாற்காலி போட்டதில்லை, அவ்வளவு பயம். நான் எழுந்தேன். என் வாழ்க்கையில் என் மேலதிகாரியை அதட்டியது அந்த ஒரு தடவைதான்.

"உக்காருங்க ஐயா. உங்களாலதான் பந்தி நிக்குது."

அவர் உட்கார்ந்தார். தட்டு வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சாம்பாரைப் பிசைந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். அஞ்சலை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் விழுங்கினார். ரெண்டாவது கவளமும் போட்டார்.

அஞ்சலை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இடது கையால் சோற்றைப் பிசைந்தாள். பழக்கமில்லாத கை, பாதி சிந்தியது. யாரும் உதவிக்குப் போகவில்லை, நான் கண்ணாலேயே தடுத்துவிட்டேன். அள்ளினாள், சாப்பிட்டாள். அள்ளினாள், சாப்பிட்டாள். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டாள். தட்டைக் காலி செய்துவிட்டு ரெஜினாவைப் பார்த்து, தட்டின் விளிம்பை விரலால் தட்டினாள். இன்னும் போடு என்று அர்த்தம். ரெஜினா, "மாதாவே, மாதாவே" என்றபடி குண்டானோடு ஓடி வந்து போட்ட சோற்றில் பாதி பெஞ்சில் விழுந்தது. கூடமே கை தட்டியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

சொல்தா ஐயா தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "த்ரே பியான்" என்றார்.

சாயங்காலம் டாக்டர் டியூபோடு வந்தார். அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முயன்றுகொண்டிருந்தாள். "என்ன மருந்து குடுத்தீங்க?" என்றார். "நாங்க சாப்பிட்டோம் டாக்டர்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நடந்ததைச் சொன்னதும் சிரித்து, டியூபைப் பையிலேயே வைத்து மூடிக்கொண்டு போனார்.

ஒரு வேளை என்ற ஐயாவின் கண்டிப்பு அன்றோடு காற்றில் போயிற்று. ஒழுங்கை அவரே மாற்றினார். ஒரே பானை, ஒரே நேரம், ஒரே கூடம், நடுத்துண்டு யாருக்கு விழுந்தாலும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஸ்டோர் ரூம் கதவைக் கழற்றியே விட்டார். அடுத்த முறை உரிமத்துக்கு ஒரு புது அதிகாரி வந்தார். ஊழியர் தங்கியிருப்பவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது முறையா என்று முகத்தைச் சுளித்தார். நேரம் மதியம். அஞ்சலையின் விரல் அவர் மேல் எழுந்தது. "சார், நீங்க உக்காரலன்னா இங்க ஒருத்தர் பட்டினி. உங்க அறிக்கையில அதையும் எழுதிக்குங்க" என்றார் சொல்தா ஐயா. அதிகாரி உட்கார்ந்தார். மோர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். உரிமம் வந்தது.

அஞ்சலை சித்திரையில் நடந்தாள். கோல் ஊன்றித்தான், ஆனால் நடந்தாள். சுமதி வந்து அழைத்துக்கொண்டு போனாள். வாரம் மூன்று நாள் உடற்பயிற்சிக்கு மட்டும் பஸ் ஏறி வருவாள். வந்தால் மதியம் பந்தி முடியாமல் போகமாட்டாள். பேச்சு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. முதலில் வந்த சொற்கள் அவள் செட்டுப் பெண்களின் பெயர்கள்தான் என்று சுமதி சொன்னாள். எங்கள் யார் பெயரையும் அவள் சொன்னதில்லை. கையால் காட்டுவாள், போதும்.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து நான் ஓய்வு பெற்றேன். கடைசி நாளில் பூமாலை, சால்வை, பேச்சு எல்லாம் உண்டு. பிரியாணி என் செலவு. அன்றைக்கு ஒரு நாள் பழைய ஒழுங்குப்படி எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். மேலாளராகக் கடைசி நாள், என் ஆட்கள் வயிறு நிறைவதை ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு. தண்ணீர் ஊற்றுகிறேன், வெங்காயப் பச்சடி வைக்கிறேன், இங்கேயும் அங்கேயும் ஓடுகிறேன். சொல்தா ஐயா கூட நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டார்.

ஒரு தட்டு மட்டும் தொடப்படாமல் இருந்தது. அஞ்சலை கோலைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு நான்தான் கடைசி. நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

தலையை ஆட்டினாள்.

"அட, சொன்னா கேளுங்கம்மா. என் கடைசி நாளு."

அவள் என் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ரெஜினாவின் புடவையை அன்றைக்கு இழுத்த அதே கை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். தன் தட்டை என் முன்னால் தள்ளினாள். உதடு கோணிக்கொண்டு ஏதோ தேடியது.

"வசந்தா" என்றாள் அஞ்சலை. "நீ துன்னுடி."

துன்னேன். கண்ணீர் சோற்றில் விழ விழ, அவள் பார்த்துக்கொண்டிருக்க, தட்டுக் காலியாகும்வரை துன்னேன். அப்புறம்தான் அவள் தனக்கு ஒரு தட்டு போடச் சொன்னாள்.